கால் சுற்று

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
டயர் கடைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் நடுவே
ஒரு தகரக் கூரை.
அதன் கீழே என்னுடைய டிரம் சாண்டர்.
என்னுடையது என்றால் தவுக்கே ஆ கியோங்குடையது.
காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை
என் காதுகள் அதனுடையவை.

வருவதெல்லாம் கித்தா மரம்.
பால் வற்றியதும் சாய்த்து, மருந்தில் ஊறவைத்து,
சூளையில் காயவைத்து, பட்டை பட்டையாய் ஒட்டி
மேசைப் பலகைகளாக அனுப்புகிறார்கள்.
இந்த மாதம் முப்பத்தாறு, எல்லாம் கந்தீனுக்கு.

சேர்ந்த வாரத்தில் அவசரப்பட்டு
கைப்பிடியை ஒரு முழுச் சுற்று இறக்கினேன்.
பலகை நடுவில் திணறி நின்றது.
காப்பி நிறத்தில் குறுக்கே ஒரு கோடு,
தீய்ந்த முறுக்கு வாசம்.
உருளைக்குக் கோபம் வந்தால் கத்தாது. கருக்கும்.

கால் சுற்று போதும்.
அதே அளவில் இன்னொரு முறை விடு:
தொடவில்லை என்று நினைத்த இடத்தை
இரண்டாம் முறை தொட்டிருக்கும்.
பலகையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடு.
வெளியே வரும் முனையை, பந்தியில் இலை ஏந்துவதுபோல்
இரண்டு கையாலும் தாங்கு;
விட்டால் தலை தொங்கும், வால் தேயும்.
எண்பதாம் நம்பர் தாளிலிருந்து
நூற்றைம்பதுக்குத் தாவாதே.
நடுவில் இருக்கும் நூற்றிருபது
தன்னை மதிக்காததற்குப் பழிவாங்கும்,
வார்னிஷ் அடித்த பிறகு.

தாளில் அடைப்பு ஏறினால் துடைக்க
ஒரு மஞ்சள் கட்டி வைத்திருக்கிறோம். ரப்பர்தான்.
ஓடும் உருளையில் அழுத்தினால்
அழுக்கையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும்.
மரம் அடைத்ததை மரத்தின் பாலே எடுக்கிறது.
இதைச் சொன்னபோது
பலகை தூக்கும் சுமோன் சிரித்தான்.
தவுக்கே அதன் விலையைச் சொன்னார்.

திங்கட்கிழமை பதினோராவது பலகைக்குள்
பால் கோப்பைக்கு அடித்த ஆணியின் முனை இருந்தது.
தாள் நீளவாக்கில் கிழிந்து
தகரத்தில் சாட்டையடி மாதிரி சத்தம்.
யாரோ இருட்டில் அடித்த ஆணி;
அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது.
என் சம்பளத்தில் முப்பது வெள்ளி.

செவ்வாய்க்கிழமை பென்சிலை எடுத்தேன்.
பள்ளம் தெரிய, தேய்க்கும் முன்
பலகை முழுக்கக் கிறுக்குவது வழக்கம்:
கிறுக்கல் எங்கே அழியவில்லையோ
அங்கே இன்னும் உருளை தொடவில்லை.
அன்று கிறுக்கவில்லை, எழுதினேன்,
இந்த முனையிலிருந்து அந்த முனை வரை:
நாலு வருஷமாகிறது சம்பளத்தைக் கூட்டு.

முதல் ஓட்டத்தில் வருஷம் போனது.
இரண்டாவதில் சம்பளம்.
‘கூட்டு’ மட்டும் ஒட்டிய இடத்துப் பள்ளத்தில்
விளிம்பு தேயாமல் கிடந்தது.
தவுக்கே குனிந்து பார்த்தார். இது என்ன?
பள்ளம், தவுக்கே, என்றேன்.
இன்னும் எடுக்க வேண்டும்.
பொய் இல்லை.

கடைசிப் பலகையை உள்ளங்கையால் தடவி
சந்தெக், என்றார்.
மணிக்கு ஐம்பது காசு, என்றேன். மலாயில், மெதுவாக.
ஒரு வெள்ளி என்றுதான் மனதில் இருந்தது.
எடுத்த எடுப்பில் முழுச் சுற்று இறக்கினால்
கருகிவிடும்.

நந்தி, என்றார்.
மலாயில் அதற்குப் பிறகு என்று பொருள்.
எங்கள் ஊரில் நந்தி என்றால்
சாமியை மறைத்து உட்கார்ந்திருப்பது;
கேட்கிறபடி கேட்டால் கொஞ்சம் விலகுவதும் உண்டு.

சரி. சுவிட்சை அணைத்தேன்.
தூசிப் பையை உதறிக் கட்டினேன்.
வியாழக்கிழமை, அதே அளவில்
இன்னொரு முறை விடுவேன்.