சம்பளப் பாக்கி

ஹோட்டலை மூடிய அன்று
நாலு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
வரவேற்பறை சோபா எதுவாருக்கு.
இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் லாண்டரி பச்சையம்மாளுக்கு.
ஏசி மெக்கானிக் நான்,
சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் கிடந்த
படகைக் கேட்டேன்.

பதினோரு வருஷம் அது பஃபே மேஜை.
அணியத்தில் அப்பளம்,
நடுவயிற்றில் சாம்பார், வத்தக்குழம்பு,
வெள்ளை சாஸ் ஊற்றிய வஞ்சிரம்,
பின்கோடியில் கேரமல் புட்டிங்.
ஒயர் நுழைய அடிப்பலகையில்
ஆறு ஓட்டை போட்டிருந்தார்கள்.

"ஃப்ரிட்ஜ் எங்கே?" என்றாள் மங்கையர்க்கரசி,
தட்டுவண்டியைப் பார்த்து.
மழைக்காலம் முடியும்வரை
வேறொன்றும் கேட்கவில்லை.

தேங்காய்த்திட்டில், டயர் கடைக்குப் பின்னால், எட்டு மாதம்.
வார்னிஷைச் சுரண்டச் சுரண்ட உளித்தடம்.
ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மெலிசு.
செய்தவர் இடது கைக்காரர்
அல்லது அன்றைக்குக் கோபத்தில் இருந்திருக்கிறார்.
ஆறு ஓட்டைக்கும் ஆறு மரமுளை.
பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிக் கலப்பத்து.
பாய்மரத்துக்கும் பருமலுக்கும் சவுக்கு.
பாய்க்குக் காடாத்துணி, பதினெட்டு கெஜம்.

ஒரு சாயங்காலம்
அரியாங்குப்பத்து ஆற்றில் இறக்கினோம்.
பத்தே நிமிஷத்தில்
நிறைந்து உட்கார்ந்துவிட்டது.

"கிடக்கட்டும்" என்றாள்.
"காஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊதணும்.
அப்பதான் வாய மூடும்."

அவள் நல்லவாட்டில் பிறந்தவள்.
வில்லியனூர்க்காரன் எனக்கு
அவ்வளவு காசையும் முழுகவிட்டுத்
தூக்கம் வரவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால்
படகுக்குள் எண்ணெய் வட்டங்கள்.
பதினோரு வருஷத்துத் தாளிப்பைப்
பலகைகள் இரவெல்லாம் கக்கியிருந்தன.
மடவைக் குஞ்சுகள்
பந்திக்கு முந்தியிருந்தன.

பெயிண்ட் டப்பாவால் இறைத்தோம்.
அப்புறம் ஒழுகவேயில்லை.
பொய். மூன்றாவது முளையில்,
வத்தக்குழம்பு இருந்த இடத்தில், சொட்டு.
அதன்மேல் குதிகாலை ஊன்றிச்
சுக்கானைப் பிடித்தாள்.
நான்தானே பிடிப்பதாக இருந்தேன்
என்று சொல்ல நேரமில்லை.

முகத்துவாரத்து மணல்திட்டு வரைக்கும்
பாய் காயப்போட்ட துணி.
தாண்டியதும் முதுகில் கச்சான்.

"தாமான விடு... இன்னும் விடு...
யோவ், இப்ப இழு!"

ஒன்பது வருஷக் கல்யாணத்தில்
இத்தனை அதட்டியதில்லை என்னை.
பல் தெரிய இத்தனை சிரித்ததுமில்லை.

வேகம் பிடித்ததும் மரம் ஒரு சத்தம் போட்டது.
கம்ப்ரசர் என்றால்
காதை வைத்தே பழுதைச் சொல்வேன்.
இது முறிவா, முனகலா, பிடிபடவில்லை.
திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.
அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்,
கண்ணை இடுக்கி,
குழந்தை அழுகிறதா பேசுகிறதா
என்று கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பதுபோல்.

கரையில் பூட்டிய ஹோட்டல் சிறுத்தது.
நான் மாட்டிய நாற்பத்தியிரண்டு ஏசிப் பெட்டிகளும்
எண்ண முடியாதபடி ஒன்றாகிப் போயின.

"தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ் பார்ப்போமா?"
என்று கத்தினேன்.
காற்று அவள் பக்கமிருந்து வந்தது.
காதில் விழுந்திருக்காது.
விழுந்ததோ என்னவோ,
மூன்றாவது முளைமேல்
குதிகாலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.