எல்லாமே ஏழு

இந்த அறையில் முதல் பொய் எப்போதும் என்னுடையது.
பத்துச் சீட்டுகள். பத்திலும் ஏழு.
குலுக்குவேன், விரிப்பேன்,
ஒன்றை எடுங்கள், பார்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள் என்பேன்.
மூன்றா? இல்லை. ஐந்தா? இல்லை.
எதைக் கேட்டாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும், அது விதி.
பிறகு திரையைக் கொஞ்சநேரம் முறைத்துவிட்டு
ஏழு என்பேன்.
முகம் வெளிறும்.
அதற்குப்பின் இயந்திரத்தை நம்புவார்கள்.
நம்பினால்தான் பயம்,
பயந்தால்தான் வியர்வை,
வியர்த்தால்தான் எனக்குச் சம்பளம்.

போத்தி துறைமுகம், சுங்கக் கிடங்கு எண் நான்கு.
நாற்பத்தொரு பெட்டி சிகரெட்டைக் காணோம்.
திபிலீசியிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தேன்,
இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டியை
மடியில் வைத்திருப்பவள் மாதிரி.
மூன்று நாளாகக் கருங்கடல் பக்கமிருந்து மழை.

நடைவழியில் பதினாறு பேர்.
போன வாரம்வரை ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தவர்கள்
இன்று நாற்காலிக்கு நாற்காலி ஓர் இடம் விட்டு.
உள்ளே வந்ததும் கேட்காததையும் கொட்டினார்கள்.
ஒருவன் தம்பிக்குச் சேர வேண்டிய நிலத்தை,
ஒருவன் மனைவிக்குத் தெரியாத
படூமி வீட்டு வாடகையை.
சிகரெட் வரவில்லை.
நிலமும் வாடகையும் கோப்பில் ஏறிவிட்டன,
இனி இறங்காது.

ஜும்பேர் கடைசி.
கணக்கர், ஐம்பத்தெட்டு வயது, ஈரமான சப்பாத்து.
மார்பில் இரண்டு குழாய், விரல்களில் கவ்வி,
புஜத்தில் காற்றுப் பட்டை.
மெய்யை அளந்தால் மெய் வந்துவிடும்
என்பது தொழில் நம்பிக்கை.
பதினெட்டு வருடமாக இதயம் துடிப்பதைப் பார்க்கிறேன்.
எதற்காக என்று
ஒரு கோடும் சொன்னதில்லை.

ஏழு என்றேன்.
அவர் முகம் அப்படியே இருந்தது.

உங்களை நம்பியவரை எப்போதாவது ஏமாற்றியிருக்கிறீர்களா?

இது அளவுகோல் கேள்வி.
எல்லோரும் இல்லை என்பார்கள், கோடு எகிறும்.
அந்த எகிறலைப் பக்கத்தில் வைத்துத்தான்
பெட்டிகளைப் பற்றிய பதிலை அளப்பேன்.
சின்னப் பொய் ஒன்றைத் தராதவரை
இந்த இயந்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆம் என்றார் ஜும்பேர்.

இங்கே நீங்கள் பொய் சொல்லியாக வேண்டும் ஐயா
என்று நான் சொல்லக் கூடாது.
திரும்பக் கேட்டேன்.
ஆம், தினமும் என்றார்.

உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
மாலையில் பாலத்தடியில் ஸியாலாவின் கடையில் நின்று
சுலுகுனிப் பாலாடைக்கட்டி ஒரு துண்டு தின்பேன்.
வீட்டில் மனைவி கேட்பாள், தின்றாயா?
இல்லை என்பேன்.
ஸியாலா அவளுடைய சித்தி மகள்.
நான் தெருமுனை திரும்புவதற்குள் போன் போய்விடும்.
அவளுக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியுமென்று எனக்கும் தெரியும்.
தலையை ஆட்டிவிட்டு
உப்பில்லாத சூப்பை என் பக்கம் நகர்த்துவாள்.
இருபத்திரண்டு வருடமாகக்
கேட்கிறாள், சொல்கிறேன்.

பெட்டிகளைப் பற்றிக் கேட்டேன். தெரியாது என்றார்.
கோடு எகிறவும் இல்லை, படுக்கவும் இல்லை.
படிவத்தில் மூன்று கட்டம்:
உண்மை, பொய், முடிவில்லை.
முடிவில்லை என்பதைத் தலைமை அலுவலகம்
எப்படி வாசிக்கும் என்று எனக்குத் தெரியும்.
முடிவில்லை என்று எழுதினேன்.

பட்டையைக் கழற்றினேன். கையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம்.
சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டபடி
மேஜையைப் பார்த்தார்.
மற்றச் சீட்டுகளில் என்ன இருக்கிறது?

இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஒன்றிலிருந்து பத்துவரை என்றேன்.
காதுக்குள் ரத்தம் இரைந்தது.
குழாய்கள் எல்லாம் மேஜைமேல் சுருண்டு கிடந்தன,
யார்மேலும் இல்லை.

ஜும்பேர் என்னைப் பார்த்தார்.
பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி,
எனக்காக வைத்திருந்த, ஆறிப்போன தேநீரை
என் பக்கம் நகர்த்தினார்.