நிலுவை

தொலைபேசியில் என் பெயர் மிஸ் கார்ட்டர்.
வீட்டில் ஜோயெல் ட்வெட்.
கடன் கேட்கிறவளுக்குச் சொந்தப் பெயர் ஆகாது என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
சூ ஃபால்ஸ் நகரத்தில், பழைய மெத்தைக் கடையை
நாற்பது மேசைகளாகத் தடுத்த கூடத்தில்
நாளொன்றுக்கு நூற்றிருபது பேர்.
எல்லோரும் படித்தவர்கள்.
படித்ததற்காகத்தான் அழைக்கிறேன்.

டெல்மர் ப்ரூயிட். இண்டியானா. வயது நாற்பத்தொன்று.
நிலவியல் பட்டம்.
வாங்கியது முப்பத்தோராயிரம்.
கட்டியது இருபத்தேழாயிரம்.
பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
இந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை;
புரிந்தது போலப் பேசுவதற்குத்தான் சம்பளம்.

மூன்றாவது வாரம் எடுத்தான்.
பின்னால் லாரி உறுமியது.
"சுண்ணாம்புக்கல் ஏற்ற நிற்கிறேன், சீக்கிரம் சொல்."
கல்லைக் கற்றவன் கல் சுமக்கிறான்.
சிரிப்பு வந்தது.
அழைப்பு பதிவாகிறது; சிரிக்கவில்லை.

தாளில் இருந்ததைப் படித்தேன்.
பாதியில் நிறுத்தினான்.
"அறுநூற்றைந்தில் தொடங்கும் எண். தெற்கு டகோட்டாவா?"
"சொல்லக்கூடாது, ஐயா."
"அங்கே கல்லெல்லாம் ரோஜா நிறம். அழகு.
ஆனால் வெறும் மணல் இறுகியது, உயிரின் தடம் இராது.
பழைய வங்கி ஏதாவது இருந்தால்
ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்.
எங்கள் ஊர்க் கல்லாக இருக்கும்.
கடல் அல்லி தெரியுமா?
பூ இல்லை, பிராணி.
முப்பத்துநாலு கோடி வருஷத்துக்கு முன்னால்
இங்கே கடலடியில் தண்டு தண்டாக நின்றது.
செத்ததும் தண்டு உதிர்ந்து, சட்டைப் பொத்தான் மாதிரி..."

"ஐயா, இந்த மாதம் எவ்வளவு கட்ட முடியும்?"

கொஞ்ச நேரம் லாரி மட்டும் பேசியது.
"என் மகள் ரோவெனாவுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம்.
பதினொரு நாளாகக் குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில்.
கடன் தாளில் நானும் கையெழுத்துப் போடவேண்டும்.
ஒவ்வொரு ராத்திரியும் பால் எடுக்கப் போகிறேன்,
பேனா இல்லாமல்.
மிஸ் கார்ட்டர், அதற்கு உன் தாளில் பதில் இருக்கிறதா?"

இல்லை.
இரண்டு பருவம் மிச்சமிருக்க நின்றவள் நான்.
பட்டம் தேறவில்லை, கடன் தேறியது.
டெலவேரிலிருந்து ஒருவன்
மதியச் சாப்பாட்டு வேளையில் என்னை அழைப்பான்.
மரியாதையானவன்.
அவன் பெயரும் பொய்யாகத்தான் இருக்கும்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
திரையில் நான்கே கட்டங்கள்:
வாக்களித்தார். மறுத்தார். துண்டித்தார். இறந்துவிட்டார்.
துண்டித்தார் என்று போட்டேன்.
துண்டித்தது நான்.

பழைய வங்கி இப்போது நகப்பூச்சுக் கடை.
உள்ளே பெண்கள் விரல் நீட்டி உட்கார்ந்து பார்க்க
வெளியே பனியில் கையுறை கழற்றி
ஜன்னல் விளிம்பைத் தடவினேன்.
சாம்பல் நிறம். குளிர். வேறொன்றும் இல்லை.
போகலாம் என்று திரும்புகையில் நகம் இடறியது:
நடுவில் துளையோடு ஒரு குட்டி வட்டம்.
ஒன்று தெரிந்ததும் பக்கத்தில் ஒன்று,
அதன் பக்கத்தில்,
சுவர் முழுக்க.
ஆறு வருஷமாக இந்தச் சுவரில் சாய்ந்துதான்
பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

ஏப்ரலில், தபால் அறையில்
உறை கிழிக்கும் இயந்திரம் கீச்சிட்டு நின்றது.
பல்லிடுக்கில் ஒரு கல் பொத்தான்.
கூடவே நாற்பது டாலர் காசோலை,
'மிஸ் கார்ட்டர்' என்று ஒரு துண்டுச் சீட்டு.
பழுதுச் செலவை அவன் கணக்கில் ஏற்ற முடியுமா என்று
மேலாளர் தேடினார். அதற்கும் கட்டம் இல்லை.

நாற்பதை வரவு வைத்தேன்.
ஆறு நாளில் வட்டி அதைத் தின்றுவிடும்.
மகளைப் பற்றி ஒரு வரி இல்லை.
காசோலையில் அவன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்:
கடைசி எழுத்தில் பேனா அழுந்தி
தாள் கிழிந்திருந்தது.

மணி பன்னிரண்டரை. டெலவேர்.
வழக்கமாக அடித்து ஓயவிடுவேன்.
பைக்குள் கல்லை உருட்டியபடி
இன்று எடுத்தேன்.
"உங்கள் கட்டடம் என்ன கல்?" என்றேன்.
"சொல்லக்கூடாது, மேடம்."