எட்டாவது

மாஞ்சோலையில் சாய்ந்து கிடந்த நாங்கு மரத்தில்
அட்டை கடிக்கக் கடிக்கச் சுரண்டிய பூஞ்சை
பாளையங்கோட்டைக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது.
காட்டில் பக்கத்துப் பூசணத்தை அண்டவிடாத சாறு
கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டும் இல்லை.
எதிரி இல்லாத ஊரில்
எதற்குக் கத்தி தீட்ட?

அதன் மரபணுக்களில் ஏழை மட்டும் நறுக்கி
ரொட்டி ஈஸ்ட்டுக்குள் ஒட்டினோம்.
ஈஸ்ட் கேள்வி கேட்காது.
சீனி போட்டால் செய்யும்.
செய்தது.
மூன்றாம் நாள் குடுவையில் மஞ்சள்,
நான்காம் நாள் மொத்தமும் சாவு.

"அதுவும் பூஞ்சைதான, சாகாதா பின்ன?" என்றாள்
செய்யது அலி பாத்திமா,
மேலப்பாளையம் கடைசிப் பேருந்தைக் கோட்டைவிட்டு.
மறுபடி. மறுபடியும் சாவு.
இடையில் இரண்டு மின்தடை;
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்ட கடிதம்
இன்னும் கல்லூரி முதல்வர் மேசையில்.

வரைபடத்தின் ஓரத்தில் எட்டாவதாக ஒன்று.
'வேலையற்றது' என்று
பென்சிலால் எழுதியவன் நான்தான்.
அவள் அதை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.
"இது செய்யுத மரபணு இல்ல சார்,
வெளிய தள்ளுதது."

நஞ்சு சமைக்கச் சொல்லிக்கொடுத்தோம்,
அடுக்களைக்குப் புகைபோக்கி வைக்கவில்லை.

வைத்தோம்.
இன்று ஆறாம் நாள்.
குலுக்கும் இயந்திரம் கடகடவென்று ஆடுகிறது.
நுண்ணோக்கியில் உருண்டை உருண்டையாக உயிர்,
ஒன்றின் விலாவில் இன்னொன்று மொட்டுவிட,
சுற்றிலும் அவை துப்பிய மஞ்சள்.

மருந்தாகுமா, தெரியாது.
கணுக்காலில் அட்டை கடித்த தழும்பு
காலையிலிருந்து அரிக்கிறது.