நான்கு கண் அடுப்பு

தம்பெரே நகரில், அமூரிப் பகுதியில்
பலகைச் சுவர் வீடொன்று.
நான்கு அறை, நான்கு குடும்பம்,
நடுவில் ஒரே சமையலறை.
ஒரே அடுப்புக்கு நான்கு கண்.
ஜன்னலோரக் கண் எங்களுடையது.
கொஞ்சம் புகையும்.

பஞ்சாலைச் சங்கு ஊதும் முன்பே
ஃபான்னி எழுந்துவிடுவாள்,
விறகை எண்ணி வைத்துவிட்டுப் போக.
எண்ணியதில் ஒன்று குறைந்தால்
அன்று மாலை முழுக்கச்
சட்டிகள்தான் பேசும்,
பெண்கள் பேசமாட்டார்கள்.

ஹில்யாவின் கணவன் கைநீட்டும் இரவுகளில்
பதினேழு பேரும் விழித்துக் கிடப்போம்.
லெம்பி மட்டும் எழுந்து போவாள்.
அவர்கள் கதவைத் தட்டி
உப்பு கேட்பாள்.
நடுச்சாமத்தில் உப்பு.
சத்தம் அடங்கும்.
ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் ஏந்தித் திரும்புவாள்.
அவள் ஜாடியில் உப்பு எப்போதும் இருந்தது.

அம்மாவுக்குக் காலை ஷிப்டு,
ஃபான்னிக்கு மாலை ஷிப்டு.
அவள் மகன் தாவெத்தியும் நானும்
ஒரே மாதத்துப் பிள்ளைகள்.
எந்தத் தாய் வீட்டில் இருந்தாளோ
அவளிடம் இருவரும் குடித்தோம்.
விறகை எண்ணியவர்கள்
அதை மட்டும் எண்ணவில்லை.

அப்பாவா?
ஞாயிற்றுக்கிழமை தூங்கும் ஒரு முதுகு.

பிறகு நானும் அதே ஆலையில்
முப்பத்தொரு வருடம் நூல் முடிந்தேன்.
இப்போது ஹெர்வந்தாவில் ஆறாவது மாடி.
குறை சொல்லவில்லை.
உறைபனியில், முற்றத்துக் கழிப்பறைக்கு
வரிசையில் நின்றவள் நான்.
குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது;
முதல் வாரம் சும்மாவே திருகிக்கொண்டிருந்தேன்.

மின்சார அடுப்பு. அதற்கும் நான்கு கண்.
நான் ஒன்றைத்தான் மூட்டுகிறேன்.
மற்ற மூன்றையும் துடைத்து வைக்கிறேன்
யாருடையவையோ போல.

தாவெத்தி கோத்தன்பர்க் கார் ஆலைக்குப் போனவன்
அங்கேயே தங்கிவிட்டான்.
வருடம் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை.
இந்த முறை அட்டையில் அவன் மகள் கையெழுத்து,
ஸ்வீடிஷ் மொழியில்.
அகராதி தேவைப்படவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர்
கதவுப் பலகையில் படித்ததுதான்: கெத்துனென்.
நேற்று லிஃப்டில் பார்த்தேன்.
ஒரு கன்னத்தில் மட்டும் பவுடர் அதிகம்.
ஆறு மாடியும் இறங்கி முடியும்வரை
எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
கான்கிரீட் சுவர் நல்ல சுவர்,
இருமலைக்கூட விடாது.
அதில் காதை வைத்துப் பார்த்தேன்,
இந்த வயதில், இரவு உடையில்.
என் ரத்தம் ஓடும் சத்தம்தான்.

பதினொன்றரை மணிக்குப் போய்த் தட்டினேன்.
சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது.

உப்பு வேண்டும், என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள்,
வெறுங்கையைப் பார்த்தாள்.
பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

எவ்வளவு, என்று கேட்டாள்.

அதை யோசித்துக்கொண்டு வரவில்லை.