முப்பத்தொன்றாம் தேதி

முப்பத்தொரு நாள் உள்ள மாதங்களை
எனக்குப் பிடிக்காது.
யார் கேட்டார்கள் அந்த ஒரு நாளை?
சம்பளம் முப்பதோடு நின்றுவிடுகிறது,
வயிறு நிற்பதில்லை.
பிப்ரவரி மட்டும்தான் எங்கள் வீட்டு நிலைமை தெரிந்த மாதம்.

இது ஆகஸ்ட். ரொசாரியோவில் குளிர் இன்னும் விடவில்லை.
சம்பளம் வந்த அன்றே ஓடினேன்:
எண்ணெய், பருப்பு, பாஸ்தா,
சோளமாவு ஆறு பாக்கெட்.
இந்த ஊரில் சேமிக்கிறவர்கள்
பணத்தைப் பணமாக வைத்திருப்பதில்லை.
கட்டிலுக்கடியில் சோளமாவாக வைத்திருக்கிறோம்.
அடுத்த வாரம் அதே காசுக்கு
நாலு பாக்கெட் வந்தால் பெரிது.

மாவுப் பையைக் கிழித்து
அதன் முதுகில் மாதத்தை எழுதுவேன்.
திங்கள், பருப்பும் பூசணியும்.
செவ்வாய், அதே பருப்பு,
தண்ணீர் கூடியதால் சூப் என்று பெயர்.
புதன், சோளக்களி.
வியாழன், ஆறி இறுகிய புதனை
துண்டு போட்டுப் பொரித்தது.
வெள்ளிக்கு எதிரே கேள்விக்குறி.
அது இறைச்சிக்கடை அனிபால் கையில் இருக்கிறது.

அவர் கரும்பலகையில்
காலைக்கு ஒரு விலை, மாலைக்கு ஒரு விலை.
சரியாக அழியாத பழைய எண்
புதிய எண்ணுக்குப் பின்னால் தெரியும்,
வேலை போன பிறகும்
ஆலை வாசலில் வந்து நிற்கிற ஆள்போல.
"நாய்க்கு எலும்பு இருக்கா?" என்பேன்.
எங்களிடம் நாய் இல்லை என்று அவருக்குத் தெரியும்.
"நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டபடியே
சதை ஒட்டியதாகப் பார்த்துக் கட்டுவார்.
ஒருநாள் வாய் தவறி,
"நல்லா வளந்துட்டான், பதினாலு வயசு" என்றுவிட்டேன்.
அனிபால் சிரிக்கவில்லை.
பொட்டலத்தைப் பிரித்து
இன்னொரு எலும்பு வைத்தார்.

இருபத்தொன்பதாம் தேதி மட்டும்
நான் எழுத வேண்டியதில்லை.
அன்றைக்கு ஊர் முழுக்க ஞோக்கி.
உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து உருட்டி
முட்கரண்டியில் வரி போட்டு வேகவைப்பது.
தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு வைத்துச் சாப்பிட்டால்
அடுத்த மாதம் பணம் வருமாம்.
எங்களிடம் தட்டு நாலு, நோட்டு ஒன்று.
முதலில் ஒராசியோவின் தட்டுக்கடியில்,
அவர் நாலு வாய் தின்றதும் லவுதாரோவுக்கு,
பிறகு குட்டி ப்ரீசாவுக்கு.
என்னிடம் வரும்போது
நோட்டு தட்டின் சூட்டில் வெதுவெதுப்பாக
யாரோ கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல் இருக்கும்.

அதைச் செலவழிக்கக் கூடாதாம், அடுத்த இருபத்தொன்பது வரை.
நான் மறுநாள் காலையே பால் வாங்கிவிடுவேன்.
"அதனாலதான் உனக்கு அதிர்ஷ்டம் வரலை"
என்கிறாள் பக்கத்து வீட்டு டெல்ஃபா.
வரட்டும் டெல்ஃபா, நல்லா வரட்டும்.
அது வரும்வரை
பிள்ளைகள் காபியைக் கறுப்பாகக் குடிக்கவா?

முப்பதும் எப்படியோ போய்விட்டது.
முப்பத்தொன்றுக்கு நேரே காகிதத்தில்
வெறும் எண்.
அலமாரியில் அரைப் பை மாவு, உப்பு,
அனிபாலின் எலும்பு சூப்பிலிருந்து
வழித்து வழித்துச் சேர்த்த
ஒரு குவளைக் கொழுப்பு.

மழை பெய்தால் மாவைத் தட்டிக்
கொழுப்பில் பொரித்துத் தின்பது இங்கே வழக்கம்.
ஆற்றோரத்து மாடிவீடுகளிலும் அன்று அதுதான்.
அதையே வெயிலில் செய்தால்
வீட்டில் வேறொன்றும் இல்லை என்று அர்த்தம்.

விடியுமுன் எழுந்து கதவைத் திறந்தேன்.
பரானா ஆற்றுக்கு மேலே
ஒரு பக்கம் கறுத்திருந்தது.
கொடியில் கிடந்த துணிகளை
எல்லோருக்கும் கேட்கும்படி
சத்தம் போட்டு எடுக்கச் சொன்னேன்.
ப்ரீசா முற்றத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து,
"இன்னும் விழலையே அம்மா" என்றாள்.

விழும்.
நீ வந்து மாவைப் பிசை.