முந்நூற்றுப் பத்து மரம்

கீரிப்பாறைக்கு மேலே
எனக்கு ஒதுக்கிய பிளாக்கில் முந்நூற்றுப் பத்து மரம்.
வெளுப்பான் மூணு மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டினால்
வெளிச்சம் விழுகிற இடம் மட்டும்தான் உலகம்.
ஒரு பட்டை, ஒரு கத்தி, ஒரு சிரட்டை.

எந்த மரம் எவ்வளவு தரும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
நாற்பத்தொன்று முக்கால் சிரட்டை.
பாறையோரத்து நூற்றியாறு, மழைக்கு முந்தி மட்டும் நிறையும்.
இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பால் தண்ணீராகி
வெயிலேறியும் நிற்காமல் மண்ணில் வழிந்தது.
சொன்ன அன்றே சூப்பர்வைசர் வந்து
சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டார்.
"இதை வெட்டாதே. ஆறு மாசம் கெடக்கட்டும்."

அன்று எனக்குப் பதினோராம் நாள்.

யாரிடமும் சொல்லாத கணக்கு ஒன்றும் வைத்திருந்தேன்.
எழுபதாவது மரத்தில் ஒரு துணி.
நூற்றி நாற்பதில் அடுத்தது.
மாற்றியதைக் கவரில் சுற்றி
ஒட்டுப்பால் கூடைக்கு அடியில் வைப்பேன்.
கட்டி கட்டியாய் விழும்,
சிலது கொல்லாங்கொட்டையை விடப் பெரிசு.
மடியில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி.
ஏன் தின்கிறேன் என்று தெரியாது.
தின்றால் நன்றாயிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பிளாக்கு சுகந்தபாய் சொன்னாள்:
"நாப்பத்தி நாலு ஆச்சுல்லா, நிக்கப்போவுது பிள்ளே.
போற போக்குல கொட்டிட்டுத்தான் போவும்."
நம்பினேன்.
நம்பினால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் எண்ணிக்கை தவறிவிட்டது.
பத்தொன்பது வருசத்தில் தவறாதது.
காதுக்குள் கோதையாறு இரைந்தது.
மேடேற முடியாமல் ஒரு மரத்தைப் பிடித்து நின்றேன்.
குறியைப் பார்த்துத்தான் தெரிந்தது
இது இருநூற்றுப் பன்னிரண்டு என்று.
கையை எடுத்தபோது
உள்ளங்கையில் சுண்ணாம்பு.

குலசேகரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷைனி
கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.
மரச்சீனி விலை விசாரிப்பதுபோல் கேட்டாள்,
"ஒரு மணிக்கூருக்கு எத்தனை மாத்துவீங்க?"
என் கணக்கை இதுவரை யாரும் கேட்டதில்லை.
எனக்கு மணிக்கூராய்ச் சொல்லத் தெரியவில்லை,
மரமாய்ச் சொன்னேன்.
அவள் விரல்விட்டு மாற்றி எழுதிக்கொண்டாள்.
எழுதி முடித்துப் பேனாவை மூடவில்லை.

"மணிக்கூருக்கு ஒண்ணு நனைஞ்சா அன்னைக்கே வரணும்.
ஏழு நாள் தாண்டினாலும்,
இடையில கண்டாலும் காட்டணும்.
நிக்கிற வயசுன்னு காத்துக் கெடக்கப்படாது அக்கா.
நின்னு வருசம் கழிச்சு
ஒரு சொட்டு பட்டாலும் வரணும், கேட்டியளா?"

ரத்தம் ஆறு புள்ளி நாலு.
ஆசாரிபள்ளத்துக்கு அனுப்பினார்கள்.
ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி, எலுமிச்சை அளவு.
பயப்படுகிற கட்டி போல் தெரியவில்லை,
ஆனாலும் சதையெடுத்துப் பார்த்துவிடுவோம்
என்றார் டாக்டரம்மா.
இரண்டு பை ரத்தம்.
யாருடையதோ, சொட்டுச் சொட்டாய்.
படுத்தபடி எண்ணினேன். பழக்கம்.

இந்த நோய்க்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன்.
"பெரும்பாடு" என்றார்.
நான் வேலையைச் சொல்கிறார் என்று நினைத்து
"ஆமா டாக்டர்" என்றேன்.

இப்போது மாத்திரை.
சதைப் பரிசோதனையில் குற்றமில்லை.
கட்டியை என்ன செய்வதென்று அடுத்த மாதம் சொல்வார்கள்.
பச்சரிசி ஆசை போய்விட்டது,
எந்த நாளில் போனதென்று தெரியவில்லை.

நேற்று எல்லைக்கல் பக்கம்
சுகந்தபாயின் விளக்கு ஒரே இடத்தில் நின்றது.
போய்க் கேட்டேன்,
"மணிக்கூருக்கு எத்தனை?"
"போட்டீ" என்றாள்.
கொஞ்ச நேரம் சிரட்டையில் பால் விழுகிற சத்தம்.
பிறகு என் வெளிச்சத்துக்குள்
ஒரு விரலை நீட்டினாள்.
யோசித்து
இன்னொன்றையும்.